மீன் ஈர்ப்பு மிதவை: ஆழ்கடல் மீன்பிடி முறைகள்

ஆழ்கடலில் அலைந்து திரியும் மீன்களை ஓரிடத்தில் கூட வைப்பதற்காகக் கடலில் விடப்படும் மிதவையே மீன் ஈர்ப்பு மிதவை. கடலடியில் நங்கூரம் இறக்கி நிறுத்துவது ஒரு வகை. நீரோட்டத்தின் போக்கில் மிதந்து செல்ல விடுவது இன்னொரு வகை. முதல் வகை பெரும்பாலும் சிறு படகுக்காரர்களின் தூண்டிலுக்கும், இரண்டாவது பெருங்கப்பல்களின் சுருக்குமடி வலைக்கும் பயன்படுகிறது. சூரை இனங்கள், மகி-மகி, மயில்மீன், கிளாத்தி, சுறா என்று 300-க்கும் மேற்பட்ட மீனினங்கள் மிதக்கும் பொருள்களை அண்டி வாழ்வதாகப் பதிவாகியிருக்கின்றன. ஆனால் மிதவையைச் சுற்றி மீன் இருப்பது வேறு, அது தூண்டிலில் ஏறுவது வேறு. நீரோட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது, மீன் எத்தனை பாகம் ஆழத்தில் நிற்கிறது, பொழுது என்ன என்ற மூன்றையும் சேர்த்துக் கணிக்கத் தெரியாதவருக்கு மிதவையால் டீசல் செலவுதான் மிச்சம்.

தோற்றம்

மிதக்கும் மரக்கட்டையின் நிழலில் மீன் கூடும் என்பது கடலோர மக்கள் எல்லாருக்கும் தெரிந்த பழைய செய்தி. மால்டா மீனவர் தக்கைப் பலகையின்மேல் பனையோலையைப் பரப்பிச் சுண்ணாம்புக்கல்லை நங்கூரமாகக் கட்டி மிதக்கவிட்டு, இலையுதிர் காலத்தில் அதன் அடியில் கூடும் மகி-மகியைப் பிடிக்கிறார்கள். பிலிப்பீன்சின் பயாவோ மூங்கில் தெப்பத்தால் ஆனது. இந்தோனேசியாவில் ரும்போன் என்கிறார்கள்; சுலவேசித் தீவின் மண்டார் மீனவர் இதில் பேர்போனவர்கள். பிலிப்பீன்சில் 1970-களில் பயாவோவும் சுருக்குமடி வலையும் சேர்ந்தபோதுதான் அந்நாட்டுச் சூரைமீன் தொழில் திடீரென்று பெருகியது.

சோழமண்டலக் கரைக்கும் இதில் பங்கு உண்டு. பறவைக்கோலா பருவத்தில் கட்டுமரத்துக்குப் பின்னால் இலைதழைக் கட்டுகளை மிதக்கவிட்டு, முட்டையிட அவற்றை மொய்க்கும் கோலாவைக் கைவலையால் அள்ளும் வழக்கத்தை, சென்னை மாகாண மீன்வளத்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-களின் தொடக்கத்தில் எழுதி வைத்தார். நங்கூரம் இல்லை, ஆழமும் பெரிதில்லை. மற்றபடி உத்தி அதேதான்.

நவீன மிதவைகளின் வரலாறு ஹவாயில் தொடங்குகிறது என்று சொல்லலாம். அங்கே 1977-இல் சோதனையாகப் போட்ட மிதவைகளில் சூரை நன்றாகக் கூடவே, 1980-இல் மாநில அரசே தீவுகளைச் சுற்றி 26 மிதவைகளை நிறுவியது. மாலத்தீவு 1981-இல் இம்முயற்சியைத் தொடங்கியது. பசிபிக் தீவு நாடுகளில் இதைப் பரப்பியது நூமியாவில் தலைமையகம் கொண்ட பசிபிக் சமூகம் என்ற அமைப்பு. மிதவை கட்டுவதற்கும் அதைச் சுற்றித் தூண்டில் போடுவதற்கும் அது வெளியிட்ட கையேடுகள் இன்றும் இத்துறையின் அடிப்படை நூல்கள்.

மீன் ஏன் கூடுகிறது

இதற்கு ஒரே விடை இல்லை. சிறு மீன்களுக்கு மிதவை ஒளிவிடம் என்பது சரி; ஆனால் 50 கிலோ சூரைக்கு ஒரு மூங்கில் தெப்பம் என்ன மறைப்பைத் தந்துவிடும்? சிறு மீனைத் தின்ன வருகிறது என்றால், மிதவையடியில் பிடிபடும் சூரைகளின் வயிறு பல நேரம் வெறுமையாகவே இருக்கிறது. சிதறிய மீன்கள் மறுபடி கூட்டம் சேர மிதவையைச் சந்திப்பிடமாகக் கொள்கின்றன என்ற விளக்கத்தைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பியேர் ஃபிரேயோனும் லொரான் டாகோர்னும் 2000-இல் முன்வைத்தார்கள். எனக்கு இதுவே மற்றவற்றைவிடப் பொருத்தமாகத் தோன்றுகிறது. சூரைக்கு ஒலிக்கருவி பொருத்தி ஹவாயில் பின்தொடர்ந்த ஆய்வுகளும் இதற்கு இடம் தருகின்றன. மஞ்சள் துடுப்புச் சூரை பகலில் மிதவையை ஒட்டி நிற்கிறது, இரவில் பல கிலோமீட்டர் விலகிப் போகிறது, மீண்டும் அதே மிதவைக்குத் திரும்பி வருகிறது. விடியலில் மிதவையடியில் மீன் கடிப்பதற்கும் இந்தப் போக்குவரத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும்.

அமைப்பு

நங்கூர மிதவையின் உயிர் அதன் கயிற்றில் இருக்கிறது. 1,000 மீட்டரோ அதற்கு மேலோ ஆழமுள்ள இடத்தில் கயிறு கடலின் ஆழத்தைவிட ஏறத்தாழக் கால் பங்கு கூடுதலாக விடப்படும். இல்லாவிட்டால் நீரோட்டம் வலுக்கும்போது மிதவை முழுகும், அல்லது நங்கூரம் இழுபடும். ஆனால் நீரோட்டம் ஓய்ந்த நாளில் இந்தக் கூடுதல் கயிறு எங்கே போகும்? மேலே மிதந்தால் படகின் விசிறியில் சிக்கி அறுபடும். கீழே கிடந்தால் பாறையில் உரசி நைந்துபோகும். இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது. மேல்பாதிக்கு நீரில் அமிழும் நைலான் கயிறு, கீழ்ப்பாதிக்கு மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு. இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பதால் தொய்வு நடுநீரிலேயே ஒரு வளைவாகத் தங்கிவிடுகிறது. அடியில் ஏறத்தாழ ஒரு டன் கான்கிரீட் கல்லும் சங்கிலியும் போடுவார்கள். மேலே பழங்காலத் தெப்பத்துக்குப் பதில் இரும்புப் போயாவோ, கம்பியில் மணிபோல் கோத்த வலைமிதப்புகளோ இருக்கும். கோத்த மிதப்புகள் நீரோட்டம் கடுமையானால் தாமாகவே முழுகி, தணிந்ததும் எழும். ஆகவே கயிற்றுக்கு அதிர்ச்சி குறைவு. தென்னோலையோ பிளாஸ்டிக் பட்டையோ தொங்கவிடுவதும் உண்டு. இவ்வளவு செய்தும் பல மிதவைகள் ஓரிரு ஆண்டுகளில் அறுந்து போகின்றன. அந்தச் செலவைக் கணக்கில் வைக்காமல் தொடங்கிய திட்டங்கள் முதல் மிதவையோடு நின்றுபோயின.

நீரோட்டமும் ஆழமும்

மீனவர் மொழியில் நீவாடு எனப்படும் நீரோட்டம் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, அந்தப் பக்கம்தான் மீன் பெரும்பாலும் நிற்கும். மிதவையின் தலைமாட்டிலிருந்து சில நூறு மீட்டர்வரை கூட்டம் பரவியிருக்கும். மிதவைக்கு வந்தவுடன் நேரே அதன் மேல் படகை ஓட்டுவது கற்றுக்குட்டி வேலை. அனுபவசாலி முதலில் எஞ்சினை நிறுத்திப் படகைச் சற்று மிதக்கவிட்டு, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பார். பறவைகள் எங்கே வட்டமிடுகின்றன, போயா எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பவையும் அவருக்குச் சாட்சி.

ஆழத்தில் மீன் அடுக்கடுக்காக நிற்கிறது. மிதவையை ஒட்டிக் கிளாத்தியும் குஞ்சு மீன்களும். மேல்நீரில் மகி-மகி, வரிச்சூரை, சிறு மஞ்சள் துடுப்புச் சூரை. அதற்குக் கீழே, ஏறத்தாழ 50 மீட்டரிலிருந்து 300 மீட்டர்வரை, பெரிய மஞ்சள் துடுப்புச் சூரையும் பெருங்கண் சூரையும். கீழே சொல்லப்படும் முறைகள் ஒவ்வொன்றும் இந்த அடுக்குகளில் ஏதோ ஒன்றைக் குறிவைப்பவை.

பிடிப்பு முறைகள்

மேலடுக்குக்கு இழுவைத் தூண்டில். இறகு, பிளாஸ்டிக் கணவாய், கரண்டி போன்ற போலி இரைகளைக் கட்டிய நரம்புகளைப் படகின் பின்னால் விட்டு மணிக்கு 5 முதல் 7 கடல் மைல் வேகத்தில் மிதவையைச் சுற்றி இழுப்பார்கள். நீரோட்டத் தலைமாட்டில் எட்டு வடிவத்தில் சுற்றுவது பலன் தரும். பொழுது புலரும் நேரமும் மாலை மயங்கும் நேரமும் சிறந்தவை. வெயில் ஏறியபின் மேல்மீன் கீழே இறங்கிவிடும். அதற்குப் பிறகும் இழுத்துக்கொண்டிருப்பது எரிபொருளை வீணாக்குவதுதான்.

கீழடுக்கில் நிற்கும் பெரிய சூரைக்குக் கல்தூண்டில் மிகச் சிக்கனமான முறை. பசிபிக் தீவுகளில் பழங்காலம் தொட்டு இருப்பது. ஹவாயில் பாலு-ஆஹி என்பார்கள். உள்ளங்கை அகலமுள்ள தட்டைக் கல்லை எடுத்து, அதன்மேல் ஓர் இலையை விரித்து, இரை கோத்த முள்ளை அதில் வைக்கிறார்கள். நறுக்கிய மீன்துண்டுகளை முள்ளைச் சுற்றிக் குவித்து, இலையை மடித்து, தூண்டில் நரம்பாலேயே கல்லோடு சேர்த்துப் பல சுற்றுச் சுற்றி, கடைசியில் இழுத்தால் அவிழும் உருவு முடிச்சைப் போடுகிறார்கள். பிறகு பொட்டலத்தை நீரில் இறக்கி, கை அளந்து விட்ட நரம்பு வேண்டிய ஆழத்தை எட்டியதும் ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் முடிச்சு அவிழ்ந்து கல் கழன்று விழும். இரைத்துண்டுகள் மேகம்போல் பரவ, அதன் நடுவே முள் தொங்கும். சூரை துண்டுகளை விழுங்கிக்கொண்டே வந்து முள்ளையும் விழுங்கும். ஹவாயில் இலைக்குப் பதிலாகத் துணியும், கல்லுக்குப் பதிலாகத் திரும்ப ஏற்றிக்கொள்ளும் ஈயக்கட்டியும் வந்துவிட்டன. ஒரே ஆழத்தில் திரும்பத் திரும்ப இறக்குவது இதன் சூட்சுமம். இரை அங்கே கிடைக்கும் என்று மீன் பழகிவிட்டால் கூட்டம் கலையாமல் நிற்கும்.

அதே அடுக்குக்கு இன்னொரு வழி செங்குத்து ஆயிரங்கால் தூண்டில். வழக்கமான ஆயிரங்கால் தூண்டிலைக் கிடையாகப் பல மைல் விரிப்பார்கள். மிதவை அருகே அது கயிற்றில் சிக்கும் என்பதால், இங்கே சுமார் 300 மீட்டர் நரம்பை ஓர் எடைக்கட்டியோடு நேர்க்குத்தாக இறக்கி, மேல்முனையைச் சிறு மிதப்பில் கட்டிவிடுகிறார்கள். இடைவெளி விட்டுப் பத்து முதல் இருபது முள். தலைமாட்டில் இறக்கினால் நீரோட்டம் அதை மிதவைப் பக்கமாக மெல்லக் கொண்டுவரும். சிக்கும் தூரத்துக்கு வருமுன் தூக்கிவிட வேண்டும். மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று தெரியாத நாளில் இதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது என் கருத்து. எந்த முள்ளில் மீன் ஏறியது என்று பார்த்தால் கல்தூண்டிலுக்கான ஆழம் தெரிந்துவிடும்.

இரவில் விளக்கொளிக்குக் கணவாயை வரவழைத்து, அதையே உயிர் இரையாக்கிச் சூரை பிடிக்கும் இக்கா-ஷிபி முறை ஹவாய்க்கு ஜப்பானியக் குடியேறிகள் வழியாக வந்தது.

கைத்தூண்டிலில் ஏறிய சூரையை உடனே கொன்று, இரத்தம் வடித்து, பனிக்கட்டியில் புதைக்காவிட்டால் பிடித்த பயன் பாதி போய்விடும். சூரையின் உடல்வெப்பம் கடல்நீரைவிடக் கூடுதல். நெடுநேரம் போராடிய மீனில் அது இன்னும் ஏறித் தசையை வெந்ததுபோல் வெளிறச் செய்துவிடும். அப்படிப்பட்ட மீனுக்கு ஏற்றுமதிச் சந்தையில் விலை கிடைக்காது.

வரிச்சூரைக்கு மாலத்தீவின் கம்புத்தூண்டிலை மிஞ்ச எதுவுமில்லை. பவளத்திட்டில் பிடித்த சிறு மீன்களை உயிரோடு தொட்டியில் கொண்டுவந்து, மிதவையருகே அள்ளி வீசுவார்கள். படகின் பின்புறமிருந்து நீரைத் தூவல்போல் தெளிப்பார்கள். கொந்தளிக்கும் நீரில் மீனுக்குப் படகும் தெரியாது, போலி இரையின் குறையும் தெரியாது. முள்ளில் எதிர்முள் கிடையாது என்பதால் கம்பை வீசித் தூக்கியதும் மீன் தானாகக் கழன்று தளத்தில் விழும். ஓர் ஆள் சில நொடிக்கு ஒரு மீன் தூக்க முடியும். இதே முறை லட்சத்தீவின் மினிக்காயிலும் உண்டு. நம் கடைகளுக்கு வரும் மாசிக்கருவாடு இந்தத் தூண்டிலில் ஏறிய சூரைதான். மாலத்தீவு அரசு தீவுத்தொடரைச் சுற்றி ஏறத்தாழ 50 நங்கூர மிதவைகளைப் பராமரிக்கிறது.

சுருக்குமடியும் கட்டுப்பாடும்

மிதந்து செல்லும் மிதவைகளின் கதை வேறு. ஸ்பானிய, பிரெஞ்சுக் கப்பல்கள் 1980-களிலிருந்து சீஷெல்சைத் தளமாகக் கொண்டு இந்தியப் பெருங்கடலில் சூரை பிடிக்கின்றன. இன்று அவை விடும் ஒவ்வொரு மிதவையிலும் செயற்கைக்கோள் வழி இடம் சொல்லும் போயா இருக்கிறது. அடியில் எவ்வளவு மீன் இருக்கிறது என்பதையும் எதிரொலிமானி கப்பலுக்குச் சொல்லிவிடும். மீன் நெருங்கி நிற்கும் விடியற்கருக்கலில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் நீளமான வலையை வளைத்து அடியைச் சுருக்கினால் எல்லா அடுக்கும் ஒன்றாக மேலே வரும். வரிச்சூரையோடு, இன்னும் ஒருமுறைகூட முட்டையிடாத பெருங்கண் சூரையும் மஞ்சள் துடுப்புச் சூரையும் ஏறுகின்றன. தூண்டில்காரர் ஆழம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் மீனை வலை தேர்ந்தெடுப்பதில்லை. மிதவையடியில் தொங்கும் பழைய வலையில் சிக்கி இந்தியப் பெருங்கடலில் ஆண்டுக்கு 4,80,000 முதல் 9,60,000 பட்டுச்சுறாக்கள் இறப்பதாக 2013-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதன்பின் சிக்காத வகை மிதவைகள் கட்டாயமாக்கப்பட்டன.

இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் ஒரு கப்பல் ஒரே நேரத்தில் இயக்கக்கூடிய மிதவைகளை 2019-இல் 300 ஆகக் குறைத்தது. மிதந்து செல்லும் மிதவைகளுக்கு ஆண்டில் 72 நாள் தடை விதிக்கும் 2023-ஆம் ஆண்டுத் தீர்மானம், ஐரோப்பிய ஒன்றியமும் வேறு சில நாடுகளும் ஆட்சேபம் தெரிவித்ததால் செயலுக்கு வரவில்லை. 2024-இல் ஒரு கப்பலுக்கான மிதவை எண்ணிக்கையை 2026-இல் 250 ஆகவும் 2028-இல் 200 ஆகவும் குறைக்க முடிவானது. மேற்கு, நடுப் பசிபிக்கில் 2009 முதலே ஆண்டின் சில காலம் மிதவையடியில் வலை வளைக்கத் தடை உண்டு.

தமிழக மீனவரும் மிதவையும்

குளச்சல் பகுதி மீனவர் கர்நாடகக் கடலுக்குச் சென்று, தென்னங்குலைகளை எடை கட்டி இறக்கிக் கணவாய் பிடிக்கிறார்கள். கணவாய் முட்டையை ஒட்டவைக்க இடம் தேடி வரும். மேலிருந்து போலி இரைத் தூண்டில் அதைப் பிடித்துவிடும். பிடிபடுவது பெரும்பாலும் சினைக் கணவாய் என்பதால் வளம் குன்றும் என்பது மீன்வள ஆய்வாளர் கவலை. தங்கள் இழுவலையைக் குலைகள் கிழிக்கின்றன என்பது உள்ளூர் விசைப்படகுக்காரர் புகார். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் மிதக்கவிட்டிருக்கும் வானிலைப் போயாக்களும் மீனுக்கு ஈர்ப்பு மிதவைகளே. அவற்றில் படகைக் கட்டுவதால் கயிறு அறுந்து போயா அடித்துச் செல்லப்படுகிறது, கருவிகளும் உடைகின்றன. புயலைக் கணிக்க உதவும் காற்று, அலை விவரம் அங்கிருந்துதான் வருகிறது. மீன் நிற்பது போயாவின் தலைமாட்டில், சில நூறு மீட்டர் தள்ளி. அங்கே தூண்டில் போடப் படகைப் போயாவில் கட்டத் தேவையே இல்லை, கட்டாதீர்கள்.