இசைத்தட்டும் இசை வரலாறும்

கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் ஏட்டுச்சுவடியும் வரலாற்றாசிரியனுக்குச் சான்றுகளாவன என்பதை மாணவர் யாவரும் அறிவர். ஆயின் இசையின் வரலாற்றை எழுதப் புகுவோனுக்கு இவை ஓரளவே துணைசெய்யும். சாகித்தியம் ஏட்டில் நிற்கும், சுரக்குறிப்பும் நிற்கும். பாடியவரின் குரலும், கமகத்தின் நெளிவும், இராகத்தை எவ்விடத்து விரித்து எவ்விடத்து நிறுத்தினார் என்பதும் காற்றோடு கலந்துவிடும். தியாகராச சுவாமிகள் 1847 இல் மறைந்தார். அவர் பாடியது எவ்வாறிருந்தது என்பதை மாணவர் பரம்பரையின் வாய்மொழி கொண்டே நாம் ஊகிக்கின்றோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மாத்திரமே நமக்கு வேறொரு சான்று கிடைக்கின்றது. அஃது அரக்கினாற் செய்த கரிய தட்டு.

1902 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே கிராமபோன் கம்பெனியின் பொறிவல்லுநரான பிரெட் கெயிஸ்பேர்க் கல்கத்தாவை அடைந்து, விடுதி அறையொன்றிலே பாடகரை இருத்திப் பதிவுசெய்தார். அக்காலத்தில் ஒலிவாங்கி இல்லை. பாடுவோர் அகன்ற புனலொன்றின் வாயருகே முகத்தை வைத்து உரத்துப் பாட, ஒலியின் அதிர்வு ஊசியைத் தாக்கி மெழுகுத் தட்டிலே கோடிழைத்தது. அம்மெழுகு கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகருக்குச் சென்று, அங்கே அரக்குத் தட்டாக அச்சாகி மீண்டது. கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகி தம் பாட்டின் முடிவிலே தம் பெயரை ஆங்கிலத்திற் கூவி அறிவித்தமைக்கு, அயல்நாட்டுத் தொழிலாளர் தட்டை இனங்காண வேண்டியிருந்ததே காரணம் என்பர். தட்டுக்கு வேண்டிய அரக்கோ பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்தே சென்றது. 1908 இற் கல்கத்தாவிலே தொழிற்சாலை நிறுவப்பட்ட பின்னரே இவ்விரட்டைப் பயணம் ஒழிந்தது.

தென்னாட்டிலே முதன்முதல் அப்புனலின் முன் அமர்ந்தோர் யாவர்? இவ்வினாவிற்கு விடை காணும்போதுதான் தட்டின் அருமை புலனாகின்றது. பெருவித்துவான்கள் பலர் தயங்கிநின்ற காலத்திலே, இசையையும் நடனத்தையும் குலக்கல்வியாகப் பேணிய குடும்பங்களிற் பிறந்த பெண்கள் துணிந்து பாடினர். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர்த் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோர் இவர்களுட் குறிப்பிடத்தக்கோர். பிற்காலத்தார் எழுதிய இசை நூல்களைப் புரட்டினால் இப்பெண்களுக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. பல நூல்கள் ஆடவர் பரம்பரையொன்றையே இசையின் வரலாறாகக் காட்டுகின்றன. அவ்வெழுத்தைத் தட்டு மறுக்கின்றது. நூலாசிரியன் விருப்பு வெறுப்புக்கு ஏற்பப் பெயரை நீக்கலாம். சந்தையிலே விற்ற தட்டின் எண்ணையும் பெயர்ச்சீட்டையும் அவனால் நீக்க முடியாது.

கோயம்புத்தூர்த் தாயியின் செய்தி தனியே கூறத்தக்கது. 1911, 1912 ஆம் ஆண்டுகளில் மோரிஸ் டெலாஜ் என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளர் இந்தியாவிற் பயணஞ்செய்தார். தாயியின் பாட்டு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அவர் பாரிஸ் நகருக்குக் கொண்டுசென்ற பொருள்களுள் இசைத்தட்டுக்களும் இருந்தன. தாயி பாடிய இராகமாலிகைத் தட்டொன்றைக் கேட்டுக் கேட்டு எழுதி, ‘இராகமாலிகா’ என்ற பெயராலேயே குரலுக்கும் பியானோவுக்கும் உரிய உருப்படியொன்றை அவர் ஆக்கினார். பியானோவின் தந்தியொன்றின் கீழே அட்டைத்துண்டைச் செருகி அதன் ஒலியை மழுக்கும்படி அதிற் குறித்துள்ளார். நம் தாளவாத்தியத்தின் நாதத்தை அங்ஙனமாவது எட்டிப்பிடிக்கலாமெனக் கருதினார் போலும்! சென்னையிலே மதிப்பிழந்து பழைய சாமான் கடைக்குச் செல்லவிருந்த தட்டொன்று பாரிஸிலே பாடமாயிற்று.

வீணை தனம்மாள் 1867 இற் பிறந்து 1938 இல் மறைந்தவர். சென்னை ஜார்ஜ் டவுனிலுள்ள அவர் இல்லத்திலே வெள்ளிக்கிழமை மாலைகளில் நிகழ்ந்த வாசிப்பைக் கேட்க வித்துவான்களே காத்திருந்தனர் என்பது பலரும் எழுதிய செய்தி. அவரது வாசிப்பு மென்மையானது. சிறு அரவமும் அதனைக் கெடுக்கும். புனற்பதிவுக் காலத்தில் அவ்வீணை தட்டில் ஏறியிருப்பின் ஒன்றும் கேட்டிராது. 1925 அளவில் மின்சாரப் பதிவு வழக்கிற்கு வந்தமையால், 1932 இல் கொலம்பியா கம்பெனி அவரது முதுமைக் காலத்து வாசிப்பைப் பதிய முடிந்தது. அச்சில தட்டுக்களே இன்று நமக்கு எஞ்சியுள. அவருடைய பேர்த்தியரான பிருந்தா, முக்தா ஆகியோரின் பாட்டைக் கேட்டுப் பழகியவர்கள் இத்தட்டைக் கேட்பாராயின், ஒரு குடும்பத்தின் இராக மரபு தலைமுறை கடந்து வந்த வழியைச் செவியாலேயே அறியலாம்.

இனி, தட்டையும் ஐயுற்றுக் கேட்டல் வேண்டும். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடமே ஓடும். ஒரு மணிநேரம் தோடியை ஆலாபனஞ் செய்யவல்லவர் 3 நிமிடத்துள் அதனை அடக்கியதைக் கேட்டு, ‘அக்காலத்தார் சுருக்கமாகவே பாடினர்’ என முடிவுசெய்வது பேதைமை. திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளையின் தோடித் தட்டைக் கேட்டோர் கோயில் வீதியில் அவர் விடியுமட்டும் வாசித்ததை அதனால் அளக்கமாட்டார். மேலும், தட்டுக்கள் நிமிடத்துக்கு 78 முறை சுழல்வன என்று பொதுவாகக் கூறினும் தொடக்ககாலத் தட்டுக்கள் அவ்வேகத்திற் பதியப்பட்டன அல்ல. வேகம் சிறிது மிகுந்தால் சுருதி உயரும், குரல் கீச்சிடும், காலப்பிரமாணம் விரையும். அக்காலப் பெண்கள் மிகையான உச்சக்குரலிற் பாடினர் என்று எள்ளுவோர் தம் பொறியின் வேகத்தை முதலில் நோக்குவாராக.

ஒலிநாடா வந்த பின்னர் இந்நிலை மாறிற்று. 1950களிலிருந்து வசதியுள்ள இரசிகர் தாமே பொறியை வாங்கிச் சபைகளிலும் கலியாண வீடுகளிலும் முழுக் கச்சேரியையும் பதிந்தனர். அரியக்குடி இராமானுஜ ஐயங்கார், ஜி. என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர் ஆகியோர் மேடையிலே எவ்வாறு பாடினர் என்பதற்கு இவர்கள் வைத்துப்போன நாடாக்களே பெருஞ்சான்று. ஆனாற் பெட்டியின் மேல் நாளும் இடமும் எழுதும் வழக்கம் அவர்களுட் பலருக்கு இருக்கவில்லை. ஆகவே கேட்போன் கல்வெட்டாய்வாளன் போலச் செயற்பட வேண்டியவனாகின்றான். மிருதங்கம் வாசிப்பவர் பழனி சுப்பிரமணியபிள்ளை என்று அவர் தொப்பியின் நாதத்தால் தெளிந்தால், அக்கச்சேரி அவர் மறைந்த 1962 க்கு முற்பட்டது. வயலின் யாருடையதென்று இன்னொருவர் கூறுவார். இப்பல்லவியைத் தாம் நேரிலே கேட்டதாக மற்றொரு முதியவர் கூறுவார். நாடா பலர் செவிக்குச் சென்றாலன்றி இவ்வாராய்ச்சி நிகழாது. தட்டைப் பூட்டிவைத்து, ‘என்னிடம் மட்டுமே உளது’ எனப் பெருமை பேசும் சேகரிப்பாளர் சிலர் உளர். அவர்கள் காப்பது பெட்டியைத்தான்.

இதன்கண் நம்மவர்க்குத் தனிக் காரணமும் உண்டு. இலங்கையின் வானொலி தொடங்கியதே இசைத்தட்டினாலாகும். 1920களிலே, தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கியொன்றின் கருவிகளைக் கொண்டு கொழும்பில் நடத்திய பரீட்சார்த்த ஒலிபரப்பிலே கிராமபோன் இசையே ஒலித்தது. அப்படிப்பட்ட நாட்டிலே, 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுட் பிறிதோரிடத்தே படியுள்ள நூல் மீண்டது. ஒரே படியாயிருந்த சுவடி மீளவில்லை. அதன்பின் வந்த போரிலும் இடப்பெயர்விலும் வீடுகளோடு போன தட்டுக்களையும் நாடாக்களையும் கணக்கிட்டவர் இலர்.

மும்பையில் 1990 இல் இசைத்தட்டுச் சேகரிப்போர் தமக்கெனச் சங்கமொன்றை அமைத்து, இதழ் வெளியிட்டுத் தட்டின் பட்டியல்களைப் பரிமாறினர். நம்மவருட் சிலர் 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தை நடத்திவருகின்றனர். அச்சு நூல்களுக்கு அங்கே நிகழ்ந்த நற்பணி ஒலிக்கும் பெருகல் வேண்டும். அளவெட்டித் தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975 இல் தமது 42 ஆம் வயது நிறையுமுன் மறைந்தார். அவருடைய கைவன்மைக்கு இன்று எஞ்சிய ஒலிப்பதிவுகள் மிகச் சில. கோயில் வீதியிலே ஓர் இரசிகர் பிடித்த நாடா இன்னும் எவ்வீட்டுப் பரணிலேனும் கிடப்பின், அதனைப் பழைய பொறியிலிட்டு உடனே ஓட்டிப் பார்த்தலாகாது. உலர்ந்த நாடா அம்முதல் ஓட்டத்திலேயே அறுந்துவிடலாம். பெட்டியின் மேலுள்ள எழுத்தைப் படியெடுத்து, எந்தக் கோயில், எத்திருவிழா, உடன் வாசித்தோர் யாவர் என்பதை வீட்டிலுள்ள முதியவரிடம் இன்றே கேட்டெழுதி, பின்னர் நாடாவைத் தொழில் அறிந்தவரிடம் கொடுத்து மூன்று படிகளேனும் எடுப்பித்து, அவற்றுள் ஒன்றையாவது வேற்றூரில் உள்ளவரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.