தலைப்பாகையோடு போகாதது

தேரையர் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். தீராத தலைவலியில் துடித்த ஒரு ராஜாவுக்கு அகத்தியர் கபாலத்தைத் திறந்தாராம். உள்ளே மூளையின் மேல் ஒரு தேரை. குறட்டால் பிடித்து இழுத்தால் மூளை கிழிந்துவிடும். குரு திகைத்து நிற்க, சீடன் ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து கையால் அளைந்து சத்தம் எழுப்பினான். தேரை தண்ணீருக்குள் குதித்தது. அன்றிலிருந்து அந்தச் சீடனுக்குப் பெயர் தேரையர். எங்க அப்பாயி இந்தக் கதையைச் சொல்லும்போது தண்ணீர் அளைகிற இடத்தில் குரலைத் தாழ்த்தும். தேரை உள்ளே எப்படிப் போச்சு என்று கேட்டால் மட்டும், "தூங்கறப்ப மூக்கு வழியா போயிருக்கும்டா" என்று ஒரே வரியில் தாண்டிவிடும்.

தமிழ்நாட்டில் தலைக்காயத்தின் வரலாறும் ஏறக்குறைய இப்படித்தான் சொல்லப்பட்டு வருகிறது. கபாலத்தைத் திறந்த பிறகு நடந்ததெல்லாம் பெருமையாக எழுதப்பட்டிருக்கிறது. அடிபடுவதற்கு முன்னால் நடந்ததற்கு ஒரு வரி. அடிபட்டது குழந்தை என்றால் அந்த ஒரு வரியும் தாமதமாகத்தான் வந்தது.

பெருமையில் குறையொன்றும் இல்லை. 1949-ல் வேலூர் சிஎம்சியில் ஜேக்கப் சாண்டி, 1950-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சீர்காழிக்காரரான பி. ராமமூர்த்தி. இந்தியாவின் நவீன மூளை அறுவை சிகிச்சை இந்த இரண்டு இடங்களில்தான் தொடங்கியது. ராமமூர்த்தி பயிற்சி பெற்றது இங்கிலாந்தின் நியூகாசிலில், தலைக்காயத்துக்கென்றே தனி நூல் எழுதிய ரோபாதமிடம். அப்போது சி.டி. ஸ்கேன் கிடையாது. உலகின் முதல் நோயாளிக்கு அது எடுக்கப்பட்டதே 1971-ல், லண்டனில். அதுவரை மருத்துவரிடம் இருந்தவை ஒரு டார்ச், ஒரு சுத்தியல், பக்கத்திலேயே உட்கார்ந்து கவனிக்கும் பொறுமை. 1974-ல் கிளாஸ்கோவின் டீஸ்டேலும் ஜென்னட்டும் அந்தப் பொறுமைக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கைகால் அசைக்கிறாரா என்று பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண். இன்றும் எந்த அவசரப் பிரிவிலும் இதுதான் முதல் கணக்கு. ஆனால் பேச்சே வராத குழந்தையிடம் "உன் பேர் என்ன" என்று கேட்டு என்ன மதிப்பெண் போடுவது? மழலை, சிரிப்பு, சமாதானமாகிற அழுகை, சமாதானமாகாத அழுகை என்று சின்னப் பிள்ளைகளுக்கான வடிவம் பிறகுதான் வந்தது.

ஹெல்மெட்டின் கதையும் இதே மாதிரிதான். 1935-ல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' மோட்டார் சைக்கிளில் விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். சைக்கிளில் போன இரண்டு பையன்கள் மேல் மோதாமலிருக்க வண்டியை ஒடித்ததுதான் காரணம். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் அதை மறக்கவில்லை. ராணுவத் தூதுவர்களின் விபத்துகளை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை வெளியிட்டார். அந்த ஆண்டே பிரிட்டிஷ் ராணுவம் அவர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. இரண்டு பையன்களைக் காப்பாற்றப் போய்த் தொடங்கிய வரலாறு, பையன்களின் தலைக்கு வந்து சேர எத்தனை காலம் ஆனது பாருங்கள். நம்முடைய 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு 'ஒவ்வொருவரும்' ஹெல்மெட் அணிய வேண்டும் என்றது. அந்த ஒவ்வொருவரில் பிள்ளைகளை யாரும் எண்ணவில்லை. தமிழ்நாட்டில் 2007 ஜூனில் கட்டாயம் என்றார்கள், எதிர்ப்பில் தளர்ந்தது. 2015 ஜூலை 1 முதல் உயர் நீதிமன்ற உத்தரவு. அதற்கு முந்தின வாரம் கடைகளில் ஹெல்மெட்டுக்கு அடிதடி. 2019 திருத்தத்தில்தான் 'நான்கு வயதுக்கு மேற்பட்ட' என்று அந்தப் பிரிவில் வயது எழுதப்பட்டது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையான குழந்தைக்கு அளவான ஹெல்மெட், ஓட்டுபவரோடு பிணைக்கும் வார், 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம் என்ற விதி 2022-ல் அறிவிக்கப்பட்டு 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த வாரைக் கட்டிய ஒரு வண்டியை எங்கள் ஊரில் நான் இன்னும் பார்க்கவில்லை.

நடுவில் 2008 செப்டம்பர். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது ஹிதேந்திரன் மோட்டார் பைக் விபத்தில் தலையில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அவன் இதயம் சென்னைப் போக்குவரத்தை விலக்கிக்கொண்டு ஒரு சிறுமியைப் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டின் உறுப்புதான இயக்கம் மக்களிடம் வேர்விட்டது அந்த நாளில்தான். அந்தப் பெற்றோரின் முன்னால் பேச எனக்கு வாயில்லை. என் வருத்தம் நம்மைப் பற்றியது. அந்த இதயம் ஓடிய ஓட்டத்தை இன்றும் சொல்கிறோம், ஒரு பிள்ளையின் தலை தார்ச்சாலையில் மோதிய செய்தியாக அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இனி பூலாம்பாடிக்கு வருகிறேன். பச்சைமலை அடிவாரம், மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். மூத்த பிள்ளை பெட்ரோல் டேங்க் மேல், கைக்குழந்தை ஒருபக்கமாக உட்கார்ந்த அம்மா மடியில், அப்பா தலையில் மட்டும் ஹெல்மெட். அதுவும் பெரம்பலூர் போனால்தான். டிராக்டர் மட்கார்டு மேல் உட்கார்ந்து வருகிற பையன்கள். வெளிநாட்டுக் காசு வரவர எழும்புகிற வீடுகள், கம்பி நீட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியோடு. சோளம் காயப்போடுவது அங்கேதான், பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான். அதோடு வாக்கர். நம் பழைய மர நடைவண்டியைப் பிள்ளை நின்று தள்ளிக்கொண்டு போகும். பிளாஸ்டிக் வாக்கரில் உட்கார்ந்தபடியே உருண்டு படியில் கவிழும். கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நாம் பிறந்தநாளுக்கு வாங்கித் தருகிறோம்.

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலை. பெரியவர்களுக்கு ஏறக்குறைய எட்டில் ஒன்று. அதனால் சின்னப் பிள்ளை விழுந்தால் தலைதான் முன்னால் போகும்.

விழுந்த பிறகு ஊரில் முதல் வைத்தியம் கிழவிகளுடையதுதான். அதை ஒட்டுமொத்தமாகக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஈரத்துணி ஒத்தடம் சரி. காயத்தில் காப்பித்தூள் அப்புவது தப்பு. சுத்தமான துணியை வைத்து அழுத்தினால் போதும், எலும்பு உள்வாங்கியிருந்தால் அந்த இடத்தில் அழுத்தக் கூடாது. "வீங்கினா நல்லது, ரத்தம் வெளிய வந்துருச்சு" என்பது ஆபத்தான ஆறுதல். இரண்டு வயதுக்குக் கீழே, நெற்றி தவிர்த்த இடத்தில் மெத்தென்ற வீக்கம் இருந்தால் உள்ளே எலும்பு விரிசல் இருக்கலாம். "தூங்க விடாதே" பாதி சரி. தூக்கம் கெடுதல் இல்லை, எழுப்பினால் வழக்கம்போல எழுகிறதா என்பதுதான் கேள்வி. கபாலத்துக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கசியும்போது, பிள்ளை எழுந்து ஓடி விளையாடும், சாப்பிடும், சில மணி நேரம் கழித்துச் சுருண்டு விழும். 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு' என்று ஊர் மூச்சு விடுகிற நேரம் அதுதான்.

அப்பாயி சொன்னதில் பழுதில்லாத ஒன்று உண்டு: "திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தா வண்டியக் கட்டு." அதோடு வலிப்பு, அதிகமாகிக்கொண்டே போகும் தலைவலி, காதிலோ மூக்கிலோ தண்ணியாய் ஒழுகுவது, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, எழுப்பினாலும் எழாத மயக்கம், தேற்றவே முடியாத அழுகை, பால் குடிக்க மறுப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். உயரத்திலிருந்து விழுந்த பிள்ளையைக் கழுத்து அசையத் தோளில் போட்டுக்கொண்டு ஓடக் கூடாது. மறுபக்கம், எல்லாப் பிள்ளைக்கும் ஸ்கேன் வேண்டும் என்று மருத்துவரிடம் மல்லுக்கு நிற்பதும் வேண்டாம். அமெரிக்காவில் 42,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கவனித்து 2009-ல் வந்த ஆய்வு, எந்தப் பிள்ளையை ஸ்கேன் கதிர்வீச்சிலிருந்து நிம்மதியாகத் தப்பிக்க விடலாம் என்று பிரித்துக் காட்டியது.

2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வந்தது. சாலை விபத்தில் சிக்கிய யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவு அரசுடையது. நல்ல திட்டம். ஆனால் அது சாலைக்கு மட்டும்தான். மாடியிலிருந்து விழுகிற பூலாம்பாடிப் பிள்ளைக்கு அந்த 48 கிடையாது; அரசு மருத்துவமனை உண்டு, அதுவரை போகும் தூரமும் உண்டு. அங்கே போனதும் முதலில் கேட்பார்கள்: எத்தனை மணிக்கு விழுந்தான், எவ்வளவு உயரம், மயங்கினானா, எத்தனை தடவை வாந்தி. பெரும்பாலும் இதற்கெல்லாம் பதில் தெரிந்தவள் மாடியில் கூட விளையாடிய அக்காவாக இருப்பாள். அவளைத்தான் வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பார்கள்.