33 நிமிட மௌனம்: அமெரிக்கக் கால்பந்துக் கேலரியில் ஒரு போராட்டம்

2019 ஆகஸ்ட் 23. அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்ட் நகரம். ப்ராவிடன்ஸ் பார்க் மைதானத்தில் போர்ட்லேண்ட் டிம்பர்ஸ் அணியும் சியாட்டில் சவுண்டர்ஸ் அணியும் மோதுகின்றன. இரண்டும் பரம எதிரிகள். வழக்கமாக இந்தப் போட்டியில் பந்து உருளும் முன்பே கேலரி அதிரத் தொடங்கிவிடும். முரசு, பாட்டு, புகை, கோல் விழுந்தால் மரத்தடியை ரம்பத்தால் அறுத்துக் காட்டும் ஓர் ஆள் என்று திருவிழாவாக இருக்கும்.

அன்று ஆட்டம் தொடங்கியது. ஆனால் கேலரியில் பாட்டும் இல்லை, முரசும் இல்லை. சியாட்டிலில் இருந்து வந்திருந்த எதிரணி ரசிகர்களும் வாய் திறக்கவில்லை. வீரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல் மேலே வரை கேட்டது. 33 நிமிடங்கள் இப்படியே போயின. பிறகுதான் கேலரி வெடித்தது.

தோழர்களே, தொண்டை கிழியக் கத்துவதற்காகவே டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் ஏன் 33 நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்? அதுவும் எதிரியோடு சேர்ந்து? இதைப் புரிந்துகொள்ள அந்த நாட்டுக் கால்பந்துக் கேலரியின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் கால்பந்தை 'சாக்கர்' என்பார்கள். பெலே போன்ற நட்சத்திரங்களைக் காசு கொடுத்து இறக்கி நடத்திய பழைய லீக் ஒன்று 1984ஆம் ஆண்டுப் போட்டிகளோடு படுத்துவிட்டது. பிறகு 1994 உலகக் கோப்பையை நடத்தும் வாய்ப்பு அமெரிக்காவுக்குக் கிடைத்தது. அதற்கு ஈடாக, ஒரு தேசிய லீக்கைத் தொடங்குவதாக ஃபிஃபாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் மேஜர் லீக் சாக்கர். 1996இல் 10 அணிகளோடு தொடங்கியது.

இந்த லீக்கின் கட்டமைப்பைக் கவனியுங்கள். ஐரோப்பாவில் ஒவ்வொரு கிளப்பும் தனி நிறுவனம். இங்கே லீக்தான் ஒரே நிறுவனம். அணி முதலாளிகள் அதில் பங்குதாரர்கள். வீரர்களின் ஒப்பந்தம்கூட லீக்கோடுதான். ஆகவே மேலிருந்து ஒரு விதி போட்டால் எல்லா மைதானங்களுக்கும் அது ஒன்றுபோலப் பாயும்.

தொடக்கத்தில் இந்த முதலாளிகள் கண்ணில் பட்ட ரசிகர் யார்? புறநகரில் வாழும் வசதியான குடும்பம். பிள்ளைகளைக் காரில் ஏற்றிக் கால்பந்துப் பயிற்சிக்குக் கூட்டிப் போகும் பெற்றோர். சமநிலை என்பது அமெரிக்கர்களுக்குப் பிடிக்காது என்று அவர்களே முடிவு செய்து, 35 கஜத் தொலைவில் இருந்து பந்தை ஓட்டி வந்து கோல் அடிக்கும் தனி முறையைக் கொண்டுவந்தார்கள். கடிகாரத்தையும் பின்னோக்கி ஓடவிட்டார்கள். இரண்டையும் 1999ஆம் ஆண்டோடு கைவிட வேண்டியதாயிற்று. அமெரிக்கன் ஃபுட்பாலுக்காகக் கட்டிய பிரம்மாண்ட அரங்குகளில் முக்கால்வாசி இருக்கைகள் காலியாகக் கிடந்தன. 2001 முடிவில் இரண்டு அணிகளை மூடினார்கள். லீக்கே மூடப்படும் என்று பேசிய காலம் அது.

அந்தக் காலத்தில் மைதானத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் யார்? வாஷிங்டன் டி.சி. யுனைடெட் அணியின் ஆர்.எஃப்.கே. மைதானத்தைப் பாருங்கள். அங்கே 'பர்ரா பிராவா' என்ற ரசிகர் அமைப்பைத் தொடங்கி வளர்த்தவர்கள் பொலிவியா முதலான லத்தீன் அமெரிக்க நாடுகளில் இருந்து புலம்பெயர்ந்தவர்கள். அணியிலும் மார்கோ எச்செவெரி, ஜெய்மே மொரேனோ என்ற பொலிவிய வீரர்கள் இருந்தார்கள். தங்கள் ஊரில் இருந்து முரசையும், 90 நிமிடமும் நின்றபடியே பாடும் வழக்கத்தையும் இவர்கள் கொண்டு வந்தார்கள். அவர்கள் குதிக்கும்போது கேலரியே மேலும் கீழும் ஆடும். அமெரிக்க சாக்கரின் 'அட்மாஸ்ஃபியர்' என்று இன்று விளம்பரத்தில் காட்டப்படுவதன் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. லீக் கற்பனை செய்த ரசிகர் பட்டியலில் முன்வரிசையில் இல்லாதவர்கள் கொண்டுவந்த பண்பாடு அது.

பிறகு அலை வேறு ஊர்களுக்கும் பரவியது. பிலடெல்ஃபியாவில் 2007இல், ஊருக்கு அணியே இல்லாதபோது, 'சன்ஸ் ஆஃப் பென்' என்ற ரசிகர் அமைப்பு உருவானது. இல்லாத அணிக்காக அடுத்தவர் மைதானத்துக்குப் போய்ப் பாட்டுப் பாடினார்கள். அணி களமிறங்கியது 2010இல்தான். 2009இல் சியாட்டில் லீக்குக்குள் வந்தது. அங்கே ரசிகர்கள் ஊர்வலமாக மைதானத்துக்கு நடந்து போவார்கள். அணியின் பொதுமேலாளரைத் தொடரலாமா நீக்கலாமா என்று வாக்களிக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. 2011இல் போர்ட்லேண்ட் வந்தது. அதன் 'டிம்பர்ஸ் ஆர்மி' லீக்கில் சேர்வதற்குப் பத்தாண்டு முன்பே, சிறிய லீக்கில் அணி ஆடிய நாட்களிலேயே உருவான கூட்டம்.

இந்தக் கேலரிகளில் நடப்பதை 'உற்சாகம்' என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. அது உழைப்பு. கேலரியையே மூடும் அளவுக்கான ஓவியத் துணியை 'டிஃபோ' என்பார்கள். அதை வாரக்கணக்கில் இரவுகளில் உட்கார்ந்து தைக்க வேண்டும், வண்ணம் தீட்ட வேண்டும். துணிக்கும் வண்ணத்துக்கும் அவர்களே பணம் திரட்டுவார்கள். பாட்டுக் கட்டுவது, முரசடிப்பது, புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது எதற்கும் சம்பளம் கிடையாது. டிக்கெட்டும் அவர்கள் காசில்தான்.

இந்த உழைப்பின் விலை என்ன? 2007இல் டொராண்டோ அணி லீக்கில் சேரக் கொடுத்த தொகை 1 கோடி டாலர். 2023இல் சான் டியேகோவுக்கு அதே அனுமதியின் விலை 50 கோடி டாலர். தொலைக்காட்சி, புதிய மைதானங்கள், நட்சத்திர வீரர்கள் எனப் பல காரணங்கள் இதற்கு உண்டு. ஆனால் பாடும் கேலரியின் படம் இல்லாமல் எந்த விளம்பரமும் ஓடவில்லை என்பதும் உண்மை. கூலியில்லாமல் செய்த வேலை முதலாளியின் சொத்தானது.

அந்தச் சொத்து யாருடையது என்ற கேள்வி முதலில் கொலம்பஸில் பெரிதாக வெடித்தது. 1999இல் இந்த லீக்கின் முதல் தனிக் கால்பந்து மைதானம் எழுந்த ஊர் அது. 2017 அக்டோபரில், அணியை டெக்சாஸில் உள்ள ஆஸ்டினுக்குக் கொண்டுபோவேன் என்ற திட்டத்தை முதலாளி வெளியிட்டார். ரசிகர்கள் 'சேவ் தி க்ரூ' என்று இயக்கம் கட்டினார்கள். வீடுவீடாக, கடைகடையாக ஆதரவு திரட்டினார்கள். ஓஹாயோவில் 1990களில் வேறொரு விளையாட்டு அணி ஊரைவிட்டுப் போனபோது இயற்றிய சட்டம் ஒன்று இருந்தது. மக்கள் வரிப்பணத்தில் பயன்பெற்ற அணி இடம் மாற வேண்டுமானால் ஆறு மாதம் முன்னறிவிப்புத் தந்து, உள்ளூர்க்காரர் வாங்கவும் வாய்ப்புத் தர வேண்டும். அந்தச் சட்டத்தை வைத்து மாநில அட்டர்னி ஜெனரலும் கொலம்பஸ் நகரமும் 2018 மார்ச்சில் வழக்குப் போட்டார்கள். கடைசியில் புதிய உரிமையாளர்கள் வந்தார்கள்; அணி ஊரிலேயே தங்கியது. 2020இல் அதே அணி கோப்பையையும் வென்றது.

இப்போது 2019க்கு வருவோம். அந்த ஆண்டு லீக், ரசிகர் நடத்தை விதிகளைத் திருத்தி மைதானத்தில் 'அரசியல்' பதாகைகளுக்குத் தடை போட்டது. அந்த விதியில் சிக்கியது 'அயர்ன் ஃப்ரன்ட்' சின்னம். கீழ்நோக்கிச் சாய்ந்த மூன்று அம்புகள். 1931இல் ஜெர்மனியில் சமூக ஜனநாயகக் கட்சியினரும் தொழிற்சங்கத்தினரும் நாஜிகளுக்கு எதிராக உருவாக்கிய அமைப்பு அது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்த மூன்று அம்புகளில் ஒன்று முடியாட்சிவாதிகளுக்கும் ஒன்று நாஜிகளுக்கும் எதிரானது, இன்னொன்று கம்யூனிஸ்ட்டுகளுக்கு எதிரானது. இன்று அமெரிக்காவில் அது பொதுவான பாசிச எதிர்ப்புச் சின்னமாகவே புழங்குகிறது. 1933இல் ஹிட்லர் ஆட்சி அயர்ன் ஃப்ரன்ட்டை ஒழித்தது. கேலரியில் 33 நிமிட மௌனம் ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

போர்ட்லேண்ட் ரசிகர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2017 மே மாதம் அவர்கள் ஊர் ரயிலில் ஒரு வெள்ளை இனவெறியன் இரண்டு கறுப்பினச் சிறுமிகளைப் பழித்துக் கத்தினான். அவர்களில் ஒருத்தி ஹிஜாப் அணிந்திருந்தாள். தடுக்கப் போனவர்களில் இருவரை அவன் குத்திக் கொன்றான். அதன்பின் வலதுசாரிக் கும்பல்கள் திரும்பத் திரும்ப அந்த ஊரில் ஊர்வலம் நடத்தின.

லீக்கின் வாதம் எளிமையானது: விளையாட்டு எல்லாருக்குமானது, அரசியல் வேண்டாம். இதே மைதானங்களில் ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் தேசிய கீதம் ஒலிக்கிறது. ராணுவத்துக்கு மரியாதை செலுத்தும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அவை அரசியல் இல்லையாம். நாஜிகள் வேண்டாம் என்பது அரசியலாம். இனவெறியை எதிர்ப்பது கட்சிச் சார்பல்ல, மனித உரிமை என்றார்கள் ரசிகர்கள். விதியில் இருந்து 'அரசியல்' என்ற சொல்லை நீக்கக் கேட்டார்கள்.

அதே ஆகஸ்டில் இன்னொன்றும் நடந்தது. எல் பாசோவிலும் டேட்டனிலும் துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்த அதே வார இறுதியில், பிலடெல்ஃபியாவின் கேப்டன் அலெஹாந்த்ரோ பெடோயா கோல் அடித்தார். அடித்ததும் மைதானத்து ஓரம் இருந்த மைக்கைப் பிடித்து, துப்பாக்கி வன்முறைக்கு முடிவு கட்டும்படி அமெரிக்க நாடாளுமன்றத்தைப் பார்த்துக் கத்தினார். அவருக்கு அபராதம் விதிக்க லீக் துணியவில்லை.

கொடியை மட்டும் தடுத்தார்கள். ரசிகர்கள் தங்களிடம் இருந்த ஒரே கருவியை எடுத்தார்கள். தங்கள் குரலை நிறுத்திவைத்தார்கள். தொழிலாளி இயந்திரத்தை நிறுத்துவது போன்றதுதான் இது. கேலரியின் ஓசைதான் சரக்கு என்றால், மௌனம்தான் வேலைநிறுத்தம். நாடு முழுவதும் அது செய்தியானது. செப்டம்பர் 24 அன்று, ரசிகர் அமைப்புகளோடு பேசிய பிறகு, அந்த ஆண்டுப் போட்டிகள் முடியும்வரை அயர்ன் ஃப்ரன்ட் சின்னத்தின் மீதான தடையை லீக் விலக்கிக்கொண்டது.

இதோடு முடித்தால் கதை இனிக்கும். ஆனால் கேலரி என்பது தானாகவே முற்போக்கானது அல்ல. 2020 ஜூலை 8 அன்று ஆர்லாண்டோவில், பார்வையாளர் இல்லாத மைதானத்தில், கறுப்பின வீரர்கள் பெருந்திரளாகக் கை முஷ்டியை உயர்த்தி 8 நிமிடம் 46 விநாடி நின்றார்கள். ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை போலீஸ்காரர் அழுத்திய நேரமாக அன்று உலகம் அறிந்திருந்த கணக்கு அது. அடுத்த மாதம் 12ஆம் தேதி டல்லாஸ் அணியின் மைதானத்துக்குப் பார்வையாளர்கள் திரும்பினார்கள். தேசிய கீதத்தின்போது வீரர்கள் மண்டியிட்டார்கள். சொந்த ரசிகர்களிலேயே சிலர் கூச்சலிட்டு இழிவுபடுத்தினார்கள். ஒரு பாட்டிலும் வீசப்பட்டது. டல்லாஸின் கறுப்பின வீரர் ரெஜி கேனன் அதை வெளிப்படையாகக் கண்டித்தார்.

போர்ட்லேண்டுக்கும் கறை உண்டு. ஓரிகன் 1859இல் மாநிலமானபோது, கறுப்பினத்தவர் அங்கே குடியேறக் கூடாது என்று அரசமைப்பிலேயே எழுதிவைத்தது. அந்தப் பிரிவு 1926இல்தான் நீக்கப்பட்டது. அந்த நகரம் இன்றும் வெள்ளையர் பெரும்பான்மையாக இருப்பதில் அதற்குப் பங்குண்டு. ஆகவே அங்கே பாசிச எதிர்ப்புக் கொடி பிடிப்பவர்களில் பலர், அந்தக் கொடி யாரைக் காக்க வேண்டுமோ அவர்கள் அல்ல. தன் பக்கத்து இருக்கை ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்காத கேலரியின் பாட்டு பாதிப் பாட்டுதான்.

நமக்கு இதில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? 'இங்கே அரசியல் பேசாதே' என்று ஒரு நிறுவனம் சொன்னால், எந்த அரசியல் ஏற்கெனவே அங்கே தாராளமாக நடக்கிறது என்று முதலில் பாருங்கள். பிறகு, அந்த இடம் நம்முடைய எந்த உழைப்பின் மேல் நிற்கிறது என்று பாருங்கள். அதை நிறுத்திவைக்கும் நாளில் பேரம் தொடங்கும். அதற்கு எதிர்க் கேலரியோடும் பேசி வைத்திருக்க வேண்டும். சியாட்டில் ரசிகர்கள் அன்று பாடியிருந்தால் போர்ட்லேண்டின் மௌனம் பத்து நிமிடம்கூடத் தாங்கியிருக்காது.