கிராவல் பைக்கில் 350 கி.மீ.: இங்கிலாந்து மண்பாதைகளில் நீல அம்பைத் தேடுவது ஏன்?

லண்டனுக்குத் தென்மேற்கே போனால் ஏறி இறங்கும் புல்மேடுகள், நடுநடுவே பீச் மரக் காடுகள். அந்த மண்பாதைகளில் சைக்கிளில் போகிறவர்கள் ஒவ்வொரு சந்திப்பிலும் மரக்கம்பத்தைப் பார்ப்பார்கள். கம்பத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி இருக்கும். அம்பு நீல நிறம் என்றால் மிதித்துக்கொண்டே போகலாம். மஞ்சள் என்றால் அந்தப் பக்கம் போகக் கூடாது, வேறு வழி பார்க்க வேண்டியதுதான். இத்தனைக்கும் இரண்டு பாதையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அதே மண், அதே சரளை, அதே வேலி. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

கிராவல் பைக் என்றால் என்ன?

பார்க்க ரேஸ் சைக்கிள் போலத்தான் இருக்கும். அதே வளைந்த ஹேண்டில்பார். ஆனால் டயர் அகலம். ரேஸ் சைக்கிளில் 25 முதல் 32 மி.மீ. வரை இருந்தால், இதில் 38-ல் தொடங்கி 50 மி.மீ. வரை போகும். காற்றையும் குறைவாகத்தான் அடிப்பார்கள். அப்போதுதான் சரளைக் கல்லில் வண்டி துள்ளாது. டிஸ்க் பிரேக், மேடேற இலகுவான கியர், பை கட்டிக்கொள்ள இடம். அவ்வளவுதான் விஷயம். தார் ரோட்டிலும் ஓடும், காட்டுப் பாதையிலும் ஓடும்.

சர்வதேச சைக்கிள் அமைப்பான யு.சி.ஐ., 2022 அக்டோபரில் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் முதல் கிராவல் உலக சாம்பியன்ஷிப்பை நடத்தியது. ஆண்களில் பெல்ஜியத்தின் ஜியானி வெர்மீர்ஷும், பெண்களில் பிரான்ஸின் பாலின் ஃபெரான் பிரெவோவும் ஜெயித்தார்கள். ஆனால் இந்த வண்டியை வாங்குகிற பெரும்பாலானவர்களுக்குப் பந்தயம் முக்கியமில்லை. கார் தொல்லை இல்லாமல் நாள் முழுக்க ஊர் சுற்ற வேண்டும், அதுதான் ஆசை.

ஒரு மன்னர் பெயரில் ஒரு பாதை

அப்படிச் சுற்றுகிறவர்களுக்காக 'சைக்கிளிங் யு.கே.' அமைப்பு 2020-ல் அறிமுகம் செய்த பாதைதான் 'கிங் ஆல்ஃபிரட்ஸ் வே'. நீளம் சுமார் 350 கி.மீ. வின்செஸ்டர் நகரில் தொடங்கி, ஒரு பெரிய வட்டம் அடித்து, அதே வின்செஸ்டரில் முடியும். 9-ஆம் நூற்றாண்டில் வெசெக்ஸை ஆண்ட ஆல்ஃபிரட் மன்னரின் தலைநகரம் அது. அவருடைய சிலைதான் தொடக்கப் புள்ளி.

அங்கிருந்து மேற்கே சாலிஸ்பரி, ஸ்டோன்ஹெஞ்ச். அதைத் தாண்டினால் சாலிஸ்பரி சமவெளி. இது ராணுவப் பயிற்சி நடக்கும் இடம். சிவப்புக் கொடி பறந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது, குறித்த பாதையை விட்டு விலகவும் கூடாது. பிறகு ஏவ்பரியின் கல்வட்டம். அங்கிருந்து தொடங்குகிறது 'ரிட்ஜ்வே'. ஐயாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் நடந்த பாதை என்று சொல்லப்படும் மலைமுகட்டு வழி இது. பக்கத்திலேயே அஃபிங்டன் மலைச்சரிவில், சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்பு வெட்டிய வெள்ளைக் குதிரை உருவம் இருக்கிறது. தேம்ஸ் நதியைத் தொட்டு ரெடிங், ஃபார்ன்ஹம் வழியாகத் தெற்கே திரும்பினால் காடுகள் வரும். 'டெவில்ஸ் பஞ்ச் பவுல்' பள்ளத்தாக்கை ஒட்டி முன்பு ஏ3 நெடுஞ்சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். 2011-ல் ஹைண்ட்ஹெட் சுரங்கப்பாதை திறந்ததும் போக்குவரத்து மண்ணுக்கு அடியில் போய்விட்டது. பழைய ரோட்டை மண் மூடிப் புல் முளைக்க விட்டுவிட்டார்கள். கடைசிக் கட்டம் சவுத் டவுன்ஸ் குன்றுகள். 270 மீட்டர் உயரமுள்ள பட்சர் குன்று இங்கேதான் இருக்கிறது.

வேகமாக மிதிப்பவர்கள் இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள். நிதானமாகப் போனால் நான்கு, ஐந்து நாள். உயரம் பெரிசா இல்லை என்று நினைத்து ஏமாறக் கூடாது. ஏறி இறங்கி, ஏறி இறங்கியே காலை ஒடித்துவிடும். இந்தப் பகுதியின் பெரும்பாலான இடங்களில் அடித்தளம் சுண்ணாம்புப் பாறை. வெயிலில் கெட்டியாக, வெள்ளையாக ஓடும். மழை பெய்தால் சோப்பு தடவிய மாதிரி வழுக்கும். உள்ளே கிடக்கும் சிக்கிமுக்கிக் கல் கத்தி போல டயரைக் கிழிக்கும். ஸ்பேர் டியூப் இல்லாமல் போவது புத்திசாலித்தனம் இல்லை.

1968-ல் மாறிய விதி

இத்தனை தூரம் போக முடிவதற்குக் காரணம் அகல டயர் என்று தோன்றும். உண்மையில் காரணம் ஒரு சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தின் குறுக்கே பொதுமக்கள் போக உரிமையுள்ள பாதைகள் ஏராளம். அவற்றில் பெரும்பகுதி நடைபாதை. அங்கே உரிமை நடப்பவருக்கு மட்டுமே. அதில் சைக்கிள் ஓட்டுவது பொதுவாகக் கிரிமினல் குற்றம் ஆகாது. ஆனால் நில உரிமையாளருக்கு எதிரான அத்துமீறல். அடுத்த வகை 'பிரைடில்வே' எனப்படும் குதிரைப் பாதை. இங்கே நடக்கலாம், குதிரையில் போகலாம். சைக்கிளுக்கும் அனுமதி கொடுத்தது 1968-ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டம்தான். அதன் 30-வது பிரிவு இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துச் சொன்னது. நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும். சைக்கிளுக்கு ஏற்றபடி பாதையைச் சீர்செய்துதர வேண்டிய கடமை உள்ளாட்சிக்கு இல்லை.

அப்போது மவுண்டன் பைக் என்ற பெயரே கிடையாது, கிராவல் பைக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். கியர் குறைந்த டூரிங் சைக்கிளை மனதில் வைத்து எழுதிய ஒரு பிரிவில்தான் இன்றைய கிராவல் பயணம் ஓடிக்கொண்டிருக்கிறது. சவுத் டவுன்ஸ் குன்றுகளின் மேல் 160 கி.மீ. நீளும் 'சவுத் டவுன்ஸ் வே' 1972-ல் திறந்தபோது, குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்தே திறந்தது.

மற்ற இரண்டு வகைகளில் மோட்டார் வண்டிக்கு அனுமதியில்லாத பைவேக்கு ஊதா அம்பு, எல்லா வண்டியும் போகக்கூடிய பைவேக்குச் சிவப்பு அம்பு. இரண்டிலும் சைக்கிள் போகலாம். நீலம், ஊதா, சிவப்பு மூன்றையும் கூட்டினாலும் இங்கிலாந்தின் மொத்தப் பாதை நீளத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும்.

பாதியில் மாறும் பாதை

1949 சட்டத்தின்படி, எந்தப் பாதை எந்த வகை என்று கவுன்ட்டி கவுன்சில்கள் வரைபடம் தயாரிக்க வேண்டியிருந்தது. 1950-களில் ஊர் ஊராக நடந்து கணக்கெடுத்தது பெரும்பாலும் அந்தந்த கிராம கவுன்சில்கள்தான். இந்த ஊர்க்காரர்கள் குதிரைப் பாதை என்று எழுதியதை, எல்லை தாண்டியதும் பக்கத்து ஊர்க்காரர்கள் நடைபாதை என்று எழுதினார்கள். அதனால் இன்றும் பல இடங்களில் ஒரே பாதை, ஊர் எல்லையில் திடீரென்று நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும். ரிட்ஜ்வேயிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். தேம்ஸ் நதிக்கு மேற்கே சைக்கிளில் தாராளமாகப் போகலாம். நதியைத் தாண்டிக் கிழக்கே போனால் பெரும்பகுதி வெறும் நடைபாதை. ஆல்ஃபிரட் பாதை அங்கே ரிட்ஜ்வேயை விட்டு ரெடிங் பக்கம் திரும்பிவிடுகிறது.

வரைபடத்தில் தவறு இருந்தால் யார் வேண்டுமானாலும் கவுன்சிலிடம் திருத்தக் கேட்கலாம். பழைய வரி வரைபடம், நிலப் பங்கீட்டு ஆவணம் போன்ற ஆதாரம் வேண்டும். 'ஒருமுறை பொதுவழி என்றால் எப்போதும் பொதுவழி' என்பது அங்கே நெடுநாள் கொள்கை. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அது வண்டிப்பாதை என்று நிரூபித்தால், இன்றும் உரிமை உண்டு.

கெடு என்ன ஆனது?

இதற்கு ஒரு கெடு வைத்தது 2000-ஆம் ஆண்டுச் சட்டம். 1949-க்கு முன்பே இருந்தும் வரைபடத்தில் ஏறாத பாதைகளை 2026 ஜனவரி 1-க்குள் பதிவு செய்யாவிட்டால், அவற்றின் மீதான உரிமை போய்விடும் என்றது. தன்னார்வலர்கள் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து பழைய தாள்களைப் புரட்ட ஆரம்பித்தார்கள். கவுன்சில்களில் மனுக்கள் மலையாகக் குவிந்தன. கெடுவை நீக்குவதாக 2022-ல் அரசு சொன்னது. அடுத்த ஆண்டே பேச்சை மாற்றி, 2031-க்குத் தள்ளிவைத்தது. ஆட்சி மாறிய பிறகு, 2024 டிசம்பர் இறுதியில், இங்கிலாந்தில் கெடுவையே ரத்து செய்வதாகப் புதிய அரசு அறிவித்தது. ஆனால் நாடாளுமன்றத்தில் நேரம் கிடைக்கும்போதுதான் சட்டம் கொண்டுவரப்படும் என்றும் அப்போதே சொல்லிவிட்டது.

பக்கத்திலேயே இருக்கும் ஸ்காட்லாந்தில் இந்த அம்புப் பிரச்சினை இல்லை. 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் வரை பெரும்பாலான நிலத்தில் நடக்கவும் குதிரையில் போகவும் சைக்கிள் ஓட்டவும் உரிமை தந்துவிட்டது. வீட்டுத் தோட்டம், பயிர் நிற்கும் வயல் போன்றவை மட்டும் விலக்கு. இங்கிலாந்தில் போகிறவர்கள் மொபைல் ஆப் காட்டும் கோட்டை மட்டும் நம்பாமல், ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. அதில் குட்டிப் பச்சைக் கோடுகள் நடைபாதை, நீளமான பச்சைக் கோடுகள் குதிரைப் பாதை.