சேணத்தால் பெயர் பெற்ற ஊர்

குதிரையில் போனவனுக்குச் சரித்திரத்தில் இடமுண்டு. சேணம் தைத்தவனுக்கு? இங்கிலாந்தின் வால்சால் நகரில் உண்டு!

முதலில் கடிவாள இரும்பும் அங்கவடியும் செய்த ஊர் இது. 19-ஆம் நூற்றாண்டில் சேணத் தொழிலும் செழித்தது. குத்தூசியால் தோலைத் துளைத்து, மெழுகிட்ட ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, எதிரெதிராக நுழைத்துத் தைப்பார்கள். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். இயந்திரத் தையலோ எளிதில் பிரியும். சவாரி செய்பவரின் உயிரே அந்த நூலில்தானே இருக்கிறது!

முதல் உலகப் போரில் (1914-18) ராணுவத்துக்காக ஏராளமாகத் தைத்தார்கள். பிறகு மோட்டார் வாகனங்கள் பெருகின, தேவை சரிந்தது. பல பட்டறைகள் பர்ஸ், பெல்ட், கைப்பை என்று மாறிப் பிழைத்தன.

ஆனாலும் சேணம் தைக்கும் கைகள் அங்கே இன்னும் இருக்கின்றன. அந்த ஊர்க் கால்பந்து அணியின் செல்லப்பெயர் என்ன தெரியுமா? 'சேடலர்ஸ்', அதாவது சேணக்காரர்கள்!