ஐந்து மீட்டர் கோலும் ஒரு கண்டமும்

போன வாரம், 1960 ரோம் ஒலிம்பிக்கில் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி மாரத்தானை வென்ற கதையோடு நிறுத்தியிருந்தோம். அதற்குப் பிறகு ஆப்பிரிக்கா என்றாலே உலகத்துக்கு ஓட்டம்தான் நினைவுக்கு வருகிறது. எத்தியோப்பியா, கென்யா, மொராக்கோ என்று நாடு நாடாகப் பதக்கங்களைக் குவித்திருக்கிறார்கள். அதே தடகளத்தில், அதே மைதானத்தின் ஓரத்தில் நடக்கும் ஒரு போட்டியில் மட்டும் அந்தக் கண்டத்தின் கணக்கு இன்றுவரை பூஜ்யம். கோலூன்றித் தாண்டுதல் 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இருந்தது. 2024 பாரிஸ் வரை எந்த ஆப்பிரிக்க நாடும் அதில் ஒரு வெண்கலம்கூட வாங்கியதில்லை.

‘அவர்கள் உடல்வாகு ஓட்டத்துக்கானது, தாண்டுவதற்கானது அல்ல’ என்று இதற்குச் சுலபமாகக் காரணம் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. 1907இல் மெக்லன்பர்க் கோமகன் அடால்ஃப் ஃப்ரீட்ரிஷ் என்ற ஜெர்மானியப் பிரபு ஒரு பயணக்குழுவோடு ருவாண்டா போனார். அங்கே எடுத்த ஒரு புகைப்படம் பிற்பாடு உலகப் புகழ் பெற்றது. நட்டுவைத்த இரண்டு கம்புகளுக்கு நடுவே ஒரு குறுக்குக் குச்சி. அதன் கீழே கோமகனும் அவரது உதவியாளரும் நிமிர்ந்து நிற்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே ஒரு துட்ஸி இளைஞன் காற்றில் பறந்துகொண்டிருக்கிறான். குசிம்புகா உருகிராமெண்டே என்பது அந்த மண்ணின் உயரம் தாண்டும் கலை. அதில் காலூன்றி எழும்ப ஒரு சின்ன மேடு இருக்கும் என்பதையும், அளந்தவர் கோமகன் தரப்பு ஆட்களே என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் சொன்ன உயரங்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அன்றைய உயரம் தாண்டுதல் உலகச் சாதனை 1.97 மீட்டர்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பாருங்கள். தாண்டத் தெரியாத கண்டமா அது?

குறை காலில் இல்லை, கையில் இருக்க வேண்டிய கோலில் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தப் போட்டிக்கு மூங்கில் போதும். அமெரிக்காவின் கார்னீலியஸ் வார்மர்டாம் 1942இல் மூங்கில் கோலை வைத்துக்கொண்டு 4.77 மீட்டர் தாண்டினார். தாண்டியவர்கள் மணலிலும் மரத்தூளிலும் விழுந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் கண்ணாடியிழைக் கோல் வந்தது. வில்லாக வளைந்து, நிமிரும்போது ஆளைத் தூக்கி எறியும் கோல் அது. சாதனைகள் மடமடவென்று ஏறின. அவ்வளவு உயரத்திலிருந்து மணலில் விழுந்தால் முதுகு முறியும், அதனால் தடித்த நுரை மெத்தையும் கூடவே வந்தாக வேண்டியிருந்தது. மிகச் சரியாக அதே ஆண்டுகளில்தான் ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை அடைந்துகொண்டிருந்தன. காலியான கஜானாவோடு பிறந்த புதிய நாடுகள் பள்ளிக்கூடம் கட்டுமா, இறக்குமதி மெத்தை வாங்குமா?

ஒரு கோலை வாங்கிவிட்டாலும் தீராது. அருகே போய்ப் பார்த்தால் அதன் மேற்பகுதியில் ஓர் எடை அச்சிட்டிருக்கும். இத்தனை எடை வரையுள்ள ஆளுக்கு இந்தக் கோல் என்று அர்த்தம். அதைவிடக் கனமான ஆள் ஊன்றினால் கோல் அளவுக்கு மேல் வளைந்து முறியலாம். மிக லேசான ஆள் ஊன்றினால் வளையவே வளையாது, வந்த வழியிலேயே திருப்பித் தள்ளிவிடும். வளரும் பையனுக்கு எடை கூடக்கூடக் கோலும் மாற வேண்டும். தேர்ந்த வீரரோ ஒரே நாளில், தாண்ட வேண்டிய குறுக்குக் கம்பு உயர உயர, மேலும் விறைப்பான கோலுக்குக் கை மாற்றுவார். பையில் ஏழெட்டுக் கோல்கள் வேண்டும். ஓடிவந்து கோலை ஊன்ற, தரையில் பதித்த ஒரு மீட்டர் நீளச் சரிவுப் பெட்டி வேண்டும். அதன் ஆழம் வெறும் 20 சென்டிமீட்டர், அடியில் அகலம் 15 சென்டிமீட்டர். முழு வேகத்தில் வருகிறவன் கோல் நுனியை அதற்குள் சரியாகக் கொண்டு செருக வேண்டும். இதைப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் யாரும் கற்றுவிட முடியாது.

அதனால்தான் ஆப்பிரிக்கத் தடகளச் சாம்பியன்ஷிப்பின் கோலூன்றிப் பட்டியலை நான் ஒரு காலனி வரைபடம் மாதிரிப் படிக்கிறேன். 1979 ஆகஸ்டில் செனகலின் டக்கார் நகரில் அந்தப் போட்டி முதன்முதலாக நடந்தது. கோலூன்றியில் தங்கம் அல்ஜீரியாவின் லக்தர் ரஹாலுக்கு. தொடர்ந்து வந்த பத்தாண்டுகளில் சுக்ரி அபஹ்னினி, முகமது பூய்ஹிரி, சமி சி முகமது என்று வரும் பெயர்களெல்லாம் துனிசியா, மொராக்கோ, அல்ஜீரியா. இந்த நாடுகளை ஒரு காலத்தில் ஆண்ட பிரான்ஸில் இந்தப் போட்டிக்கு நீண்ட மரபு உண்டு. மத்தியதரைக் கடலைத் தாண்டினால் பயிற்சியாளரும் கோலும் கிடைக்கும் தூரத்தில் இந்த நாடுகள் இருந்தன. நெடுந்தூர ஓட்டத்தில் உலகை ஆண்ட கென்யாவும் எத்தியோப்பியாவும் இந்தப் பட்டியலில் கண்ணுக்கே படவில்லை.

கண்டத்திலேயே வசதி மிகுந்த ஒரு நாடு அப்போது வெளியே நின்றது. நிறவெறி அரசின் தென்னாப்பிரிக்கா 1960க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை. ஆப்பிரிக்கப் போட்டிகளிலும் அதற்கு இடமில்லை. அந்த விலக்கு முற்றிலும் நியாயமானது. வெள்ளையர் பள்ளிகளில் மைதானமும் மெத்தையும் இருந்தன, பயிற்சியாளரும் இருந்தார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு அரசு ஒதுக்கிய பணம் அதில் ஒரு சிறு பகுதிதான். ஒரே நாட்டுக்குள் ஒரு பிள்ளைக்குக் கோல் கிடைத்தது, பக்கத்துக் குடியிருப்பின் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

1992இல் கதவு திறந்தது. அந்த ஆண்டு ஆப்பிரிக்கச் சாம்பியன்ஷிப் மொரீஷியஸில் நடந்தது. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் அச்சிடும் தீவு அது. தென்னாப்பிரிக்க அணி அங்கே வந்து இறங்கியது. அடுத்த ஆண்டே போட்டியை நடத்தும் உரிமை டர்பன் நகருக்குப் போனது. நெல்சன் மண்டேலா குடியரசுத் தலைவராவதற்கு ஓராண்டு முன்னால், கறுப்பின ஆப்பிரிக்க நாடுகளின் அணிகள் தென்னாப்பிரிக்க மண்ணில் வந்து போட்டியிட்டன. அந்த 1993ஆம் ஆண்டுப் போட்டியைப் பற்றி இன்னும் அதிகமாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இந்தக் கதவு வழியாக வந்தவர்தான் ஓகர்ட் பிரிட்ஸ். 1973 ஆகஸ்ட் 22இல் ஆய்ட்டன்ஹாக் நகரில் பிறந்தவர். தடை விலகியபோது வயது பதினெட்டு. பத்தாண்டு முன்னால் பிறந்திருந்தால் உள்ளூர்ப் போட்டிகளோடு அவர் பெயர் முடிந்துபோயிருக்கும். கண்டப் போட்டிகளில் அவருக்கு இணையாக நிற்க ஆள் இல்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகிய பிறகும் அவர் தாண்டிக்கொண்டே இருப்பார், கம்பு மட்டும்தான் எதிராளி.

1995 ஆகஸ்டில் கோதன்பர்க் உலகச் சாம்பியன்ஷிப்பில் செர்கெய் பூப்கா 5.92 மீட்டரில் தங்கம் வென்றார். பிரிட்ஸுக்குப் பதக்கம் இல்லை. சில நாள் கழித்து, ஆகஸ்ட் 18 அன்று, ஜெர்மனியின் கொலோன் நகரில் அவர் 6.03 மீட்டரைத் தாண்டினார். ஆறு மீட்டர் என்பது பத்தே ஆண்டுகளுக்கு முன் பூப்கா முதன்முதலாகத் தொட்ட உயரம். திறந்தவெளி மைதானத்தில் அன்றைக்கு பிரிட்ஸைவிட உயரமாகத் தாண்டியிருந்தவர் உலகத்திலேயே பூப்கா ஒருவர்தான். 2002இல் மான்செஸ்டர் காமன்வெல்த் தங்கம், 2003இல் பாரிஸ் உலகச் சாம்பியன்ஷிப்பில் 5.85 மீட்டரோடு வெள்ளி. இத்தாலியின் ஜிபிலிஸ்கோ 5.90 தாண்டித் தங்கத்தைத் தட்டிக்கொண்டு போனார். ஒலிம்பிக் பதக்கம் பிரிட்ஸுக்கு வாய்க்கவே இல்லை. ஆனால் அந்த 6.03 ஆப்பிரிக்கச் சாதனையாக இன்னும் நிற்கிறது. வேறு எந்த ஆப்பிரிக்க வீரரும் ஆறு மீட்டரைத் தொடவில்லை.

முப்பது ஆண்டாக ஒரு சாதனை அசையாமல் இருப்பதில் பிரிட்ஸுக்குப் பெருமைதான். கண்டத்துக்கு அதில் பெருமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கண்டப் போட்டி நடக்கும் ஊருக்குப் போய்ச் சேர்வதே ஆப்பிரிக்கக் கோலூன்றி வீரர்களுக்கு ஒரு தனிப் போராட்டம். ஓட்டக்காரர் காலணியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஏறிவிடுவார். ஐந்து மீட்டர் கோலை மடக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. சிறிய விமானத்தின் சரக்கறையில் அது நுழையாது. டக்காரிலிருந்து அடிஸ் அபாபா, நைரோபியிலிருந்து போர்ட்டோ நோவோ என்று கண்டத்தைக் குறுக்கே கடந்தாக வேண்டிய போட்டி இது. 2018இல் நைஜீரியாவின் அசாபாவில் நடந்தபோது பல நாட்டு அணிகள் உள்ளூர் விமானம் கிடைக்காமல் லாகோஸ் விமான நிலையத்தில் கிடந்து தவித்தன. வெறும் கையோடு வந்தவர்களுக்கே அந்தக் கதி.

நம்பிக்கைக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021இல் நைரோபியின் கசரானி மைதானத்தில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகச் சாம்பியன்ஷிப்பில், தென்னாப்பிரிக்காவின் மிரே ரெய்ன்ஸ்டோர்ஃப் 4.15 மீட்டர் தாண்டி மகளிர் கோலூன்றித் தங்கத்தை வென்றார். ஆண்கள் பிரிவில் இன்று உலகின் உச்சத்தில் இருப்பவர்களில் ஒருவர் கிரேக்கத்தின் இம்மானுவேல் கராலிஸ். பாரிஸ் ஒலிம்பிக் வெண்கலம் வென்றவர், 2025இல் 6.08 தாண்டியவர். அவருடைய தாயார் உகாண்டாக்காரர், தந்தை கிரேக்கத்தின் முன்னாள் டெகத்லான் வீரர். ஏதென்ஸில் பிறந்ததால் சிறுவயதிலேயே அவர் கைக்கு ஒரு கோலும், விழுவதற்கு ஒரு மெத்தையும் கிடைத்தன. கம்பாலாவில் பிறந்திருந்தால் எதைத் தாண்டியிருப்பார் என்ற கேள்விக்குக் கண்டத்தின் தடகளச் சங்கங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம்: 1968 மெக்சிகோ. கிப் கெய்னோ பித்தப்பை வலியோடு 1500 மீட்டர் ஓடிய நாள்.