விதையெண்ணெயும் மரக்காவலும்: புத்தளக் கரையிலிருந்து ஒரு நோக்கு

வரலாறு என்பது மன்னர்தம் போர்களையும் கோட்டைகளையும் மட்டும் உரைப்பதன்று. பெயர் பொறிக்கப்படாத தச்சரும் மீனவரும் தம் கைகளிற் பேணிவந்த அறிவும் வரலாறேயாகும். புத்தளக் கரையோரத்தை நோக்குமிடத்து இவ்வுண்மை தெளிவாகும்.

1344இற் புத்தளத்தை அடைந்த இபுனு பதூதா, அங்கு ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டதையும், கரையிற் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததையும், அவற்றை மலையாள, சோழமண்டலக் கரை வணிகர் கொண்டு சென்றதையும் எழுதிவைத்தார். பின்னர் ஒல்லாந்தர் கற்பிட்டியில் எழுப்பிய கோட்டை இன்றும் நிற்கின்றது. அவ்வணிகத்தைச் சுமந்த மரக்கலங்களோ மக்கி மறைந்தன.

மரத்திற்குப் பகை பல. நிலத்திற் கறையானும் துளைவண்டும் அதனை அரிக்கும். கடலில், புழுவடிவங் கொண்ட சிப்பியினம் ஒன்று, மேற்பரப்பிற் சிறு துளையை மட்டும் காட்டி உள்ளே குடைந்து செல்லும். இப்பகைகளுக்கு எதிராக அக்கால மக்கள் கைக்கொண்ட காவல் எண்ணெய். செங்கடலில் 1183இற் பயணஞ் செய்த இபுனு ஜுபைர், கயிற்றால் தைக்கப்பட்ட கலங்களுக்கு நெய், ஆமணக்கெண்ணெய், சுறாவெண்ணெய் ஆகியவற்றுள் ஒன்று பூசப்பட்டதைக் குறிப்பிடுகிறார். தென்னிந்திய, இலங்கைக் கரைகளிற் புன்னை விதையெண்ணெயும் இதற்குப் பயன்பட்டது. மரத்தில் ஊறிய எண்ணெய் நீர் புகுவதைக் குறைத்தது, வெடிப்பைத் தடுத்தது. புன்னையும் இலுப்பையும் புங்கும் வேம்பும் இவ்வுலர்வலயத்து மக்களுக்குப் பழக்கமான மரங்களே.

இவற்றுள் வேம்பின் வரலாறு தனித்து நோக்கத்தக்கது. 1939இல் டி.டி.ரி.யின் பூச்சிகொல்லும் ஆற்றல் கண்டறியப்பட்டபின், எண்ணெய்களின் மதிப்பு மங்கியது. 1962இல் ரேச்சல் கார்சன் தமது 'மௌன வசந்தம்' என்னும் நூலால் இரசாயனங்களின் தீங்கை உலகிற்கு உணர்த்தினார். அவ்வாண்டிலேயே, வேப்பம் பருப்புக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தீண்டாமையை இந்திய ஆய்வாளர் பிரதானும் அவர்தம் துணைவரும் வெளியிட்டனர். அவ்விதையிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் 1968இல் பிரித்தெடுக்கப்பட்டது. அது பூச்சியை உடனே கொல்வதன்று. உண்ணும் விருப்பைக் கெடுத்து, தோலுரித்து வளர்வதைக் குலைப்பது.

இவ்வறிவு நிற்கும் மரங்களுக்கும் வேண்டப்படுவதாகும். கேரளத்து நிலம்பூரில், இலைதின்னிப் புழுவால் இளந்தேக்குகள் பெறவேண்டிய மரப்பெருக்கத்தில் ஏறத்தாழ 44 வீதத்தை இழந்ததை ஆய்வாளர் அளந்தறிந்தனர். புத்தள மாவட்டத்திலும் தேக்குத் தோட்டங்கள் உண்டு. எனினும் விதையெண்ணெயைச் சகல நோய்க்கும் மருந்தெனப் புகழ்தல் முறையன்று. வேம்பின் ஆற்றல் வெயிலிற் சில நாட்களிலேயே குன்றிவிடும். தண்டின் உள்ளே புகுந்துவிட்ட துளைபுழுவை மேற்பூச்சு எட்டுவதும் அரிது. முன்னோர் எண்ணெயை மீண்டும் மீண்டும் பூசியதன் பொருத்தம் இங்கு விளங்குகிறது.

ஆயினும் இவ்வறிவு யாருக்குரியது என்ற வினா எஞ்சுகின்றது. வேப்பெண்ணெயைப் பூஞ்சணத்திற்கு எதிராகப் பயன்படுத்தும் முறைக்கு, 1994இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்துக்கும் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கும் ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகம் உரிமை வழங்கியது. அது முன்பே இந்தியாவிற் கையாளப்பட்டதென்ற சான்றுகளோடு எதிர்ப்பு எழுந்தது. 2000இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. 2005இல் மேன்முறையீடும் தோற்றது. வென்றது பழமை அன்று, பழமைக்குக் காட்டப்பட்ட சான்று.

இங்குதான் நமக்குப் பொறுப்பு வருகின்றது. கண்ணாடிநார்ப் படகுகள் பெருகியபின் மரவள்ளங்களுக்கு எண்ணெய் பூசுந் தேவை அருகிவிட்டது. எவ்விதையை எப்பருவத்திற் பொறுக்கினர், எதனுடன் கலந்தனர், எத்தனை திங்களுக்கொருமுறை பூசினர் என்பவற்றை அறிந்தோர் முதுமை எய்திவிட்டனர். உடப்பிலும் கற்பிட்டியிலும் அவர்களை நாடிச் சென்று கேட்டெழுதுதல் வரலாற்று மாணவர்தம் பணியாகும். கோட்டையைக் காக்கத் திணைக்களம் உண்டு. கைப்பழக்கத்தைக் காக்க ஏட்டையன்றி வேறில்லை.